புகை பார்த்த ராஜா

முன்னொரு காலத்திலே நெடுவயல் நாட்டை விசயகீர்த்தி என்றொரு ராஜா ஆண்டுவந்தான். கெட்டவன் இல்லை. ஆனால் தன் கண்ணால் பார்க்காத எதையும் நம்பமாட்டான். கிட்டே போய்ப் பார்க்கவும் மாட்டான். தினமும் காலையில் அரண்மனைக் கோபுரத்தில் ஏறி, சுற்றுப்பட்ட ஊர்களின் கூரைகளில் எழும் அடுப்புப் புகையைப் பார்ப்பான். "எல்லார் வீட்டிலும் உலை கொதிக்கிறது" என்று மீசையைத் தடவிக்கொண்டு இறங்கி வருவான்.

அந்த வருஷம் ஐப்பசியில், அறுவடைக்கு அரிவாள் தீட்டி வைத்திருந்த வேளையில், வெள்ளம் வந்தது. முற்றிய கதிர் சேற்றில் சாய்ந்து, சாய்ந்த இடத்திலேயே முளைவிட்டது. களஞ்சியத்தைத் திறக்கவேண்டும் என்று கேட்டார் அமைச்சர் மெய்யப்பர்.

களஞ்சியத் தலைவன் வச்சிரபாகுவுக்கு அமைச்சரைக் கண்டாலே ஆகாது. "அரசே, கோபுரத்திலிருந்து பாருங்கள். ஒரு கூரையிலாவது புகை குறைந்திருக்கிறதா? பசி வயலில் இல்லை, நம் அமைச்சரின் நாக்கில் இருக்கிறது" என்றான்.

சபை சிரித்தது. மெய்யப்பரும் ஏறிப் பார்த்தார். கூரைக்குக் கூரை புகை. மேற்கொண்டு களஞ்சியத்தைப் பற்றிக் கேட்காமல் இறங்கிவிட்டார்.

மார்கழிக் கடைசியில் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் ஆலம்பேரிக்குப் போனார். அங்கேதான் அவருடைய அக்கா காத்தாயி வாழ்க்கைப்பட்டிருந்தாள். வாசலிலேயே புகை கண்ணைக் கரித்தது.

"என்னக்கா சமையல்? வாசனையே காணோமே!" என்று சின்ன வயதுப் பழக்கத்தில் போய்ப் பானை மூடியைத் தூக்கினார்.

வெறும் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

காத்தாயி மூடியைப் பிடுங்கி மூடினாள். "அமைச்சரானாலும் கை சும்மா இருக்காதா உனக்கு?"

"அக்கா... எத்தனை நாளா?"

"ஊர்ல எல்லா வீட்டுலயும் ஒருநாள் கஞ்சி, ஒருநாள் இதுதான். அடுப்பு புகையலேன்னா அடுத்த வீட்டுக்காரி தன் கால்வயித்துக் கஞ்சியில பாதியைக் கொண்டுவந்துடுவா. அவ புள்ளைங்க வயித்துல அடிக்கலாமா?"

"அத்தான் எங்கே?"

"விதைநெல்லத் தின்னு தீத்தாச்சு. மாட்ட வித்தாச்சு. உப்பளத்துக்குக் கூலிக்குப் போயிருக்காரு." பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "தம்பி, பானையில பாத்தத யார்கிட்டயும் சொல்லக்கூடாது. என் மேல சத்தியம்."

சத்தியம் செய்துவிட்டு வந்தார் மெய்யப்பர். இப்போது உண்மை தெரியும், சொல்லத்தான் முடியாது.

மறுநாள் சபையில் வேறொரு ரகளை. ராஜா கடிக்கப்போன வடையைக் காக்கை கொத்திக்கொண்டு போய்விட்டது. மதில், மாடம், மடப்பள்ளிக் கூரை, எங்கும் காக்கைகள்.

"வலை போட்டுப் பிடித்துவிடலாம்" என்றான் வச்சிரபாகு.

"வேண்டாம்" என்றான் ராஜா. "அமைச்சரே, இவை எங்கிருந்து வந்தன என்று நாளைக்குள் காட்டும். இல்லையேல் முத்திரை மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போம்!"

"இன்றைக்கே காட்டுகிறேன். ஒரு பிடி சோறு மட்டும் எடுத்துக்கொண்டு என்னோடு வாருங்கள்."

உச்சிவேளைக்கு ரதம் ஆலம்பேரியில் நின்றது. கூரையெல்லாம் புகை. ராஜா தன் கையாலேயே சோற்றை ஒரு மதிலில் வைத்து, "கா... கா..." என்று கூப்பிட்டான். நாடாள்பவன் தொண்டை கட்டும்வரை கத்தியும் ஒரு காக்கை வரவில்லை.

"நம் குடிகள் காக்கைக்கு ஒரு பிடி வைக்காமல் சாப்பிடுவதில்லை, அரசே" என்றார் மெய்யப்பர். "வைப்பார் இல்லாததால் அவை உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டன. அவற்றுக்குச் சிறகு இருக்கிறது."

ராஜா கூரைகளையே பார்த்தான். "அப்படியானால் இந்தப் புகை?"

"அதைச் சொல்லமாட்டேன். வாக்குக் கொடுத்திருக்கிறேன்."

ராஜா மதிலில் அப்படியே கிடந்த சோற்றைப் பார்த்தான். பிறகு, "பறை அறையுங்கள். பசித்தவரெல்லாம் களஞ்சியத்துக்கு வரட்டும்" என்றான்.

"கை நீட்டி வாங்க ஒருவரும் வரமாட்டார்கள், அரசே. தை பிறக்கப்போகிறது. பெண் கொடுத்த வீட்டிலிருந்து பொங்கல் சீர் போனால் எந்த மகளும் வேண்டாம் என்று சொல்வதில்லை. இந்த ஊர்ப் பெண்களுக்கெல்லாம் நீங்கள் அண்ணனாகிவிடுங்கள்."

ராஜா அமைச்சரைக் கட்டிக்கொண்டான். வீட்டுக்கு வீடு சாப்பாட்டு அரிசி, விதைநெல், கரும்பு, மஞ்சள் என வண்டிகள் கிளம்பின. சீர்த்தட்டைத் தலையில் சுமந்து முன்னால் நடக்கவேண்டியவன் வச்சிரபாகு என்று உத்தரவாயிற்று. வெறுங்காலோடு வாசல் வாசலாக நின்று, "ஏம்மா தங்கச்சி, அண்ணன் வீட்டுச் சீர்" என்று அவன் சொல்லச் சொல்ல, வெகுநாளைக்குப் பிறகு அந்தத் தெருவில் பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

காத்தாயி வீட்டுக்கு மெய்யப்பரே நெல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார். அவள் சிரிக்கவில்லை. சுவரோரம் உட்கார்ந்திருந்தாள், நெற்றி வெறுமையாக இருந்தது.

"முந்தாநாள் ஆள் வந்து சொன்னாங்க. காய்ச்சலாம். உப்பளத்துலயே அடக்கம் பண்ணிட்டாங்களாம்."

மெய்யப்பர் மூட்டையை இறக்கி வைத்தார். அவள் எழுந்து வந்து அதைப் பிரித்தாள். ஒரு கை விதைநெல் அள்ளி, ஊதிப் பார்த்தாள். பதர் இல்லாத நல்ல நெல்.

"இது கார்த்திகையிலயே வந்திருந்தா அவர் போயிருக்க மாட்டாருல்ல, தம்பி?"

மெய்யப்பர் குனிந்து, அவள் விரலிடையில் சிந்திய நெல்மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.