கடிக்காத செருப்பு

வேலாங்காட்டுப்புதூர்ச் சந்தைச் சாலையில், சைக்கிள் கடைச் சுவருக்கும் சாக்கடைக்கும் நடுவே ஒரு சாக்கு விரிக்குமளவு இடம் உண்டு. அங்கே அமர்ந்து ஊராரின் செருப்புகளைத் தைத்துவந்தவர் ஓபுளியார். ஊரார் அவரை அழைத்த பெயரில் இந்த 'ஆர்' கிடையாது. கோயில் கமிட்டித் தலைவர்கள் தங்கள் பெயருக்கு முன்னால் வேண்டியமட்டும் சேர்த்துக்கொள்ளும் நாளில், அடியார் ஒருவர் பெயருக்குப் பின்னால் இரண்டெழுத்துச் சேர்க்க நாம் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

காலையில் சாக்கை விரித்ததும் அவர் ஊசியைத் தொடமாட்டார். ஊருக்குக் கிழக்கே அரிவாளோடு நிற்கும் காவல் தெய்வம் கருப்பராயனின் திசை பார்த்துக் கைகூப்பி, ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"கால் சௌக்கியமுங்களா சாமி?"

அவருடைய வழிபாடு அவ்வளவுதான். ஊரில் மற்றவர்கள் கருப்பராயனிடம் மழை கேட்டார்கள், மாப்பிள்ளை கேட்டார்கள், பங்காளி வழக்கில் தீர்ப்புக் கேட்டார்கள். கருப்பராயனிடம் எதுவும் கேட்காமல் கருப்பராயனையே விசாரித்தவர் இவர் ஒருவர்தான்.

விசாரிக்கக் காரணம் இருந்தது. கருப்பராயன் இரவுதோறும் ஊர் எல்லையைச் சுற்றிக் காவல் காப்பவர். அவர் கால்களுக்குச் செருப்பு ஓபுளியார் வீட்டிலிருந்துதான் போகும். ஒவ்வொரு மாசித் திருவிழாவிலும் முழநீளத்துக்கு மேற்பட்ட ஒரு ஜோடியை அவர் தைத்துக் கொடுப்பார். பூசாரி அதைச் சிலையின் பாதத்தில் வைப்பார். மறு மாசியில் எடுத்துப் பார்த்தால் அடித்தோல் தேய்ந்திருக்கும். பூசாரி அதைத் தூக்கிக் காட்டி, அடியில் ஒட்டிய தூசியைத் தட்டி ஊராரின் நெற்றியில் இடுவார். ஓபுளியார் கை பட்ட சொம்பை வாங்கத் தயங்கிய பெரிய மனிதர்கள், அவர் கை தைத்த செருப்பின் அடித்தூசிக்கு நெற்றியை நீட்டிக்கொண்டு முண்டியடித்தார்கள். இதில் இருந்த வேடிக்கை யாருக்கும் தோன்றியதில்லை. கருப்பராயனுக்கு மட்டும் தோன்றியிருக்கக்கூடும். அந்த மீசைக்குக் கீழே ஒரு சிரிப்பு இருப்பதாகச் சிலர் சொல்வதுண்டு.

தேய்ந்த ஜோடியைப் பார்க்கும்போதெல்லாம் ஓபுளியாருக்குப் பெருமை வந்ததில்லை, கவலைதான் வந்தது. இடது குதியில் வெளிப்பக்கம் எப்போதும் கூடுதலாகத் தேய்ந்திருக்கும். சாமிக்கு அந்தக் காலில் ஏதோ வலி இருக்கிறது என்று அவர் முடிவுகட்டினார். அதுமுதல் அந்த இடத்தில் தோலை இரட்டித்துத் தைத்தார். புதுச் செருப்புக் கடிக்கும் என்பதால் வாரில் விளக்கெண்ணெய் தடவித் தடவிக் கையாலேயே பிசைந்து பதப்படுத்தினார். போட்டுப் பழக்கிக் கொடுக்க முடியாத செருப்பல்லவா அது.

இப்படி இருக்கையில்தான் சந்தைக்கு வண்டி வந்தது. மேலே ஒலிபெருக்கி, உள்ளே மலைபோல் ரப்பர்ச் செருப்பு. "எதையெடுத்தாலும் ஒரே வெலை, எடுத்து மாட்டு, நடையைக் கட்டு" என்று ஒரு குரல் நாள் முழுவதும் கத்தியது. ஊரார் எடுத்து மாட்டினார்கள், நடையைக் கட்டினார்கள். வார் அறுந்தபோது முதலில் ஓபுளியாரிடம் தைக்க வந்தார்கள். பிறகு தைப்பதைவிடப் புதிது மலிவு என்று கண்டுகொண்டு அதற்கும் வரவில்லை. சைக்கிள் கடைக்காரர்கூட அவரைப் பார்த்து, "ஏப்பா ஓபுளி, ஊசிய எனக்குக் குடுத்துரு, நாலு டியூப்புல ஓட்டை போட்டா எனக்காச்சும் தொழிலு நடக்கும்" என்று சிரித்தார்.

மனைவி மசக்காள் நூற்பு மில்லுக்கு வேலைக்குப் போகத் தொடங்கினார். ஆனால் நல்ல தோல் ஒன்று கைக்கு வந்தால் ஓபுளியார் அதை விற்பனைக்கு வெட்டமாட்டார். சாமிக்கென்று சுருட்டி வைத்துவிடுவார்.

"உங்க சாமிக்கு ரெண்டே காலு. நம்மூட்டுல நாலு காலு சும்மா கெடக்குது. அது கண்ணுக்குத் தெரியறதில்லீங்களா?" என்று மசக்காள் கேட்பார்.

"நாம பகல்ல நடக்கறம் புள்ள. முள்ளு தெரியும். சாமி இருட்டுல நடக்குது."

மசக்காளுக்கு இதற்குமேல் பேசத் தெரியாமலில்லை. மில்லுக்கு நேரமாகியிருக்கும்.

அந்த ஆண்டு கோயில் கமிட்டிக்குப் புதுத் தலைவர் வாய்த்தார். ஆழ்துளைக் கிணறு போடும் வண்டிகளின் சொந்தக்காரர், பெயர் ஆறுசாமி. சுவரொட்டியில் அப்பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அறநெறிச் செம்மல், ஆன்மிகப் பெருஞ்சுடர், கொடைக்கடல் எல்லாவற்றையும் தாண்டித்தான் ஆறுசாமிக்கு வரமுடியும். அவர் கூட்டம் கூட்டி, பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைத் திறந்தார். உள்ளே தங்கநிற ரெக்ஸினில் கல் பதித்த ஒரு ஜோடி மாபெரும் செருப்பு மின்னியது.

"ஃபேக்டரில சொல்லி ஸ்பெசலாச் செஞ்சது. எக்ஸ்போர்ட் குவாலிட்டி. இனிமே நம்ம சாமிக்கு வருசா வருசம் இதுதான். திருட்டுப் போயிராம கம்பிக் கூண்டு, தகரக் கூரை, பூட்டு எல்லாம் என்ற உபயம்" என்றார் தலைவர்.

கைதட்டல் ஓய்ந்ததும் வாசலோரம் நின்றிருந்த ஓபுளியார் தலையைச் சொறிந்தார். "ஏனுங் மொதலாளி. வாரு கெட்டியா இருக்குதுங். கடிக்குமுங்களே."

"ஆரைக் கடிக்குது?"

"சாமியத்தானுங்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. தலைவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அட ஏண்டா ஓபுளி, சாமி என்னமோ போட்டுக்கிட்டு நடக்கப்போற மாதிரியே பேசற" என்றார்.

பூசாரி வெள்ளியங்கிரி மட்டும் சிரிப்பைப் பாதியில் விழுங்கினார். அன்று அந்தக் கோயில் கமிட்டிக் கூட்டத்தில் கடவுள் நம்பிக்கை உள்ளவர் ஒருவர்தான் இருந்தார். அவருக்கு உட்கார நாற்காலி போடப்படவில்லை.

ஓபுளியாருக்கு மரியாதை போனது வலிக்கவில்லை. சாமியின் இடது குதி அந்த ரெக்ஸினில் என்ன பாடுபடும் என்று நினைத்தபோதுதான் சோறு இறங்கவில்லை. சுருட்டி வைத்திருந்த தோலை எடுத்தார். வழக்கம்போல் இடது குதியை இரட்டித்துத் தைத்தார். வழக்கத்தைவிட அதிகமாக எண்ணெய் தடவினார். அந்த மாசியில் தங்கநிற ஜோடியைக் கூண்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டதால், கோயிலுக்கு அப்பால், ஆடு மேயும் கொறங்காடு தொடங்குமிடத்தில் உள்ள எல்லைக் கல்லின்மேல் ஜோடியை வைத்தார். புறப்படுகிறவருக்கு மாட்ட வசதியாக, முனைகளைக் காட்டைப் பார்த்து வைத்தார்.

"பூட்டிப்போட்டாங்க சாமி. அங்க இருக்கறது கடிக்கும். கோவிச்சுக்காம இங்க வந்து மாத்திக்கங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் நடந்தார்.

ஐப்பசியில் ஆடு மேய்க்கும் ரங்காத்தாள் கல்லின்மேல் செருப்பைக் காணோம் என்று சந்தையில் சொன்னார். ஊருக்கு அது தீபாவளிப் பலகாரம்போல் ஆயிற்று.

"ஓபுளி, உன்ற எக்ஸ்போர்ட்ட நாயி இம்போர்ட் பண்ணிக்கிச்சாமா" என்றார் சைக்கிள் கடைக்காரர்.

"ஒருக்காப் போயித்தான் பாருங்களே" என்று மசக்காளும் சொல்லிப் பார்த்தார்.

"போட்டுக்கிட்டாங்களா இல்லையான்னு போயி எட்டிப் பாக்கறது மரியாதையில்ல புள்ள. குடுத்தாச்சு" என்றார் ஓபுளியார். மறுநாள் காலையும் சாக்கை விரித்து, கிழக்கே பார்த்து, கால் சௌக்கியமா என்று கேட்டார். அன்று முழுவதும் அவரிடம் ஒரு செருப்பும் தைக்க வரவில்லை.

மாசி வந்தது. திருவிழா இரவில் கொட்டு முழக்கத்தோடு கூண்டைத் திறந்தார்கள். சித்திரை வெயிலும் தகரக் கூரையும் சேர்ந்து உள்ளே தங்கள் காரியத்தை முடித்திருந்தன. பூசாரி ஒரு செருப்பைத் தூக்கினார். வார் அவர் கையோடு வந்தது, செருப்பு கீழே நின்றுகொண்டது. இரண்டு கைகளாலும் அள்ளி எடுத்துத் திருப்பினார். அடிப்பாகம் கண்ணாடிபோல் பளபளத்தது. நடுவில் ஒரு சிறு காகிதம் ஒட்டியிருந்தது: 'அலங்காரத்துக்கு மட்டும்'.

தூசி இல்லை. தட்டிப் பார்த்தார், ஒரு கல்தான் உதிர்ந்தது. வரிசையில் நெற்றிகள் காத்திருந்தன.

"அப்ப சாமி ஒரு வருசமா நடக்கவே இல்லீங்களா?" என்று யாரோ மெல்லக் கேட்டார். கொட்டு நின்றது. தலைவர், வரலாற்றில் முதன்முறையாக, ஒலிவாங்கியைத் தாமே அணைத்தார்.

வெள்ளியங்கிரிப் பூசாரி தீப்பந்தத்தை எடுத்துக்கொண்டு எல்லைக் கல்லை நோக்கி நடந்தார். ஊர் பின்னால் போனது. ஓபுளியார் கடைசியில் போனார்.

கல்லின்மேல் ஜோடி இருந்தது. நாய் கொண்டுபோனதாக ஊர் சிரித்த அதே ஜோடி. காட்டைப் பார்த்து வைக்கப்பட்டிருந்த முனைகள் இப்போது ஊரைப் பார்த்திருந்தன. வேலை முடிந்து வீடு திரும்பியவர் வாசலில் கழற்றி விட்டதுபோல ஒன்றோடொன்று ஒட்டி இருந்தன. பூசாரி அவற்றைத் திருப்பினார். கிழக்கெல்லைச் செம்மண்ணும் மேற்கெல்லைக் கரிசலும் அடித்தோலில் அப்பியிருந்தன. வெள்வேல முள் ஒன்று ஏறி ஒடிந்திருந்தது. இடது குதியின் வெளிப்பக்கம் தேய்ந்து மேல்தோல் கரைந்து, இரட்டித்துத் தைத்த உள்தோல் தெரிந்தது. முழநீளத்தைத் தாண்டிய அந்தச் செருப்பை மாட்டி நடக்க அந்த ஊரில் யாருக்கும் கால் கிடையாது.

"ஓபுளி எங்கப்பா?" என்றார் பூசாரி. கூட்டம் வழிவிட்டது.

ஓபுளியார் வந்தார். விழுந்து கும்பிடுவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் செருப்பை வாங்கி, வாருக்குள் விரலை விட்டு, குதி படும் இடமெல்லாம் தடவிப் பார்த்தார். கொப்புளத்தின் கறை ஏதும் இருக்கிறதா என்று தீப்பந்த வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தார்.

"கடிக்கலீங்" என்றார். அதற்குப் பிறகுதான் அழுதார்.

பூசாரி தூசியைத் தம் கையால் எடுக்கவில்லை. "நீயே குடுப்பா. சாமி உன்ற கையிலதான் வாங்கியிருக்குது. நாங்களும் அப்பிடியே வாங்கிக்கறம்" என்று சொல்லித் தம் நெற்றியை முதலில் நீட்டினார். ஊர் ஒவ்வொருவராகக் குனிந்தது. மசக்காளின் முறை வந்தபோது, "உங்க சாமிகிட்டச் சொல்லி அடுத்த தோலுல எனக்கும் ஒரு ஜோடி கேளுங்" என்றார். கொடைக்கடலும் குனிந்தது, குனிந்து நிமிர்ந்ததும் ஒலிவாங்கியைத் தேடி, கைத்தொழிலின் மேன்மையைத் தாம் என்றுமே வலியுறுத்தி வந்ததாகச் சொற்பொழிவாற்றியது. கருப்பராயன் காவல் தெய்வம்தான். ஒலிவாங்கி அவர் எல்லைக்கு உட்பட்டதல்ல.

வண்டி இன்றும் சந்தைக்கு வருகிறது, அதுவும் விற்கிறது. ஆனால் முள்காட்டில் நடப்பவர்களும் வயலுக்கு நீர் பாய்ச்சுகிறவர்களும் இப்போது சைக்கிள் கடைச் சுவரோரம் வருகிறார்கள். வருகிறவரின் பாதத்தை ஓபுளியார் கையில் ஏந்தி, "எங்கீங் வலிக்குது?" என்றுதான் முதலில் கேட்கிறார். ஒருநாள் தலைவரும் யாரும் பார்க்காத நேரம் பார்த்து வந்து, எக்ஸ்போர்ட் குவாலிட்டி ஷூவைக் கழற்றிக் காலை நீட்டினார். உள்ளங்காலில் பழைய காலாணி ஒன்று தடித்திருந்தது.

"ரொம்ப நாளாவே இருக்குது ஓபுளி… ஓபுளியண்ணா" என்றார் தலைவர்.

"சொல்லியிருக்கலாமுங்களே" என்று ஓபுளியார் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்து, அங்கே தோல் மெத்தென்று இருக்கும்படி ஒரு ஜோடி தைத்துக் கொடுத்தார். சாமிக்குத் தடவிய அதே விளக்கெண்ணெயைத் தடவினார்.

காவல் காப்பவரின் கால் நோகுமே என்று நினைத்தவர், நினைத்ததற்காக ஊர்ச் சிரிப்புக்கு ஆளானவர், சிரித்தவரின் காலையும் நோகாமல் பார்த்துக்கொண்டவர் ஓபுளியார். அவர் விசாரிப்புக்குக் கருப்பராயன் ஒரு வருடம் நடந்து பதில் சொன்னார். அப்படிப்பட்டவர் நலமாக இருக்கட்டும். அவர் ஊசி துருவேறாதிருக்கட்டும்.