குமிழில் கட்டிய கிழிசல்

தென்காசிக்கு மேற்கே ஒரு சின்ன மடம். அங்கே காவி கேட்டு வருகிறவர்களுக்கு உடனே காவி கிடைக்காது, கரண்டிதான் கிடைக்கும். கொஞ்ச நாள் அடுக்களையில் கிடந்து புழுங்க வேண்டும். அதன் பிறகும் ஆசை மிச்சம் இருந்தால் பேசலாம் என்பது மடத்து வழக்கம். பாதிப் பேர் வெங்காயம் உரிக்கும்போதே வீட்டு நினைப்பு வந்து கிளம்பிவிடுவார்கள்.

குற்றாலிங்கம் அப்படிக் கிளம்புகிற ஆள் இல்லை. பஸ் டிப்போவில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அதன் பிறகு வீட்டில் அவரும் மனைவி கோமதியும் மட்டும்தான். இருந்து இருந்து அலுத்துப்போய், இனி அந்த வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்றுதான் மடத்துக்கு வந்திருந்தார்.

மடத்தை நடத்தும் சின்னச்சாமி அவரைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர். அன்று சாமிக்கும் அலுப்புதான். காலையிலிருந்து ஊரார் வழக்கைக் கேட்டுக் கேட்டுக் காது சூடாகியிருந்தது.

"வீட்டுல என்ன குறை, அண்ணாச்சி?"

"பெரிய குறைன்னு ஒண்ணுமில்ல சாமி. அலுத்துப்போச்சு. கோமதி அடுக்களை அலமாரிக் கதவு ஒண்ணையும் மூட மாட்டா. திறந்தது திறந்தபடி கிடக்கும். உள்ள கரப்பான் போகும், வெளிய நான் தலையை இடிச்சுக்கிடுவேன். அவ பின்னாலயே போயி மூடுததே என் பொழப்பாப் போச்சு."

"வீட்டம்மா என்ன சொல்லுதாங்க?"

"ஒண்ணும் சொல்ல மாட்டா. நான் கடை கடையா ஏறி இறங்கி, கைப்பிடிக்குப் பதிலா பளபளன்னு ஸ்டீல் குமிழ் வாங்கிக் கதவுல போட்டேன். அதுல பழைய சேலைக் கிழிசலைக் கட்டி வச்சிருக்கா சாமி! பார்க்க நல்லாவா இருக்கு? அம்புட்டையும் அவுத்துக் குப்பையில எறிஞ்சேன். அன்னைக்குத்தான் முடிவு பண்ணுனேன், இந்தச் சம்சாரம் போதும்னு."

சின்னச்சாமி கொட்டாவியை அடக்கிக்கொண்டார்.

"மடத்து அலமாரியிலயும் கைப்பிடியெல்லாம் துருப்பிடிச்சுக் கிடக்கு. உங்களுக்கு அந்த வேலை தெரியும் போலிருக்கே. மாத்திருங்க. எது பிடிக்குதோ, அதை வாங்கிப் போடுங்க."

குற்றாலிங்கம் தம் வீட்டில் போட்ட அதே குமிழைத்தான் வாங்கி வந்தார். நெல்லிக்காய் பருமன், நல்ல உருண்டை, முகம் பார்க்கலாம். பழைய கைப்பிடிகள் நீளமானவை, நாலு விரலையும் உள்ளே விட்டு இழுக்கிற மாதிரி. அவற்றுக்கு இரண்டிரண்டு துளை. குமிழுக்கு ஒன்று போதும். மேல் துளையில் குமிழை முடுக்கினார். கீழ்த் துளையை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தார். குனிந்து குனிந்து முதுகு விட்டுப்போயிற்று. ஆனாலும் எட்ட நின்று பார்த்தபோது வரிசையாக மின்னியது மனசுக்கு நிறைவாக இருந்தது.

அந்த நிறைவு ஒரு ராத்திரிதான் தங்கியது. மறுநாள் அடுக்களைக்குள் நுழைந்தால், கதவு அத்தனையும் ஆவென்று வாயைப் பிளந்து கிடந்தன.

சமையல்காரி இசக்கியம்மாள் குனிந்த தலை நிமிராமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். குற்றாலிங்கம் ஒவ்வொன்றாக மூடினார். மத்தியானம் மறுபடி திறந்து கிடந்தன. மறுபடி மூடினார். மடத்துக்கு வந்தும் இதே பொழப்பா என்று கசந்தது. வீடாக இருந்தால் தெருமுனைக்குக் கேட்கிற மாதிரி கத்தியிருப்பார். மடத்தில் குரலை உயர்த்தக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

சில நாள் கழித்துப் பார்த்தால், குமிழ்களில் துணிக் கிழிசல் தொங்கியது. ஒவ்வொன்றையும் இசக்கியம்மாள் வளையமாக முடிச்சுப் போட்டிருந்தாள்.

அவிழ்க்கக் கை தானாகப் போனது. ஆனால் கட்டியவள் இன்னொரு வீட்டுப் பெண். கேட்காமல் அவிழ்த்தால் மரியாதையாக இருக்காதே என்று கையை இழுத்துக்கொண்டார்.

"ஏம்மா, இதை எதுக்குக் கட்டியிருக்கீங்க?"

இசக்கியம்மாள் பதறி எழுந்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்து நீட்டினாள். விரல் கணுக்கள் வீங்கிப் போயிருந்தன.

"கோவிச்சுக்காதீங்க அண்ணாச்சி. விரலு மடங்க மாட்டேங்கு. இந்தக் குண்டு கையில நிக்காம வழுக்குது. கதவுக்கு உள்ள இருக்குத காந்தம் வேற கவ்விப் பிடிக்கு. ஒருக்கா திறந்துட்டா மூடப் பயமா இருக்கு, மறுபடி அதோட யாரு மல்லுக்கட்ட? துணின்னா மணிக்கட்டை மாட்டி இழுத்துக்கிடுவேன்."

குற்றாலிங்கத்துக்கு வீட்டு அடுக்களை நினைவுக்கு வந்தது. கோமதி காலையில் எழுந்ததும் ஒரு சட்டி வெந்நீரில் இரண்டு கையையும் முக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கேஸை வீணாக்குகிறாள் என்று அதற்கும் அவர் கத்தியிருக்கிறார்.

அன்றே பழைய கைப்பிடிகளைத் தேடி எடுத்தார். மண்ணெண்ணெய் விட்டு, உப்புத்தாளால் துரு போகத் தேய்த்தார். அடைத்த துளைகளைக் குத்தித் திறந்து, பழையபடி முடுக்கினார். கிழிசல்களை மடித்து இசக்கியம்மாளிடம் கொடுத்தார்.

சின்னச்சாமி வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, பழசே ஏறியிருக்கு?"

குற்றாலிங்கம் இசக்கியம்மாளின் விரலைப் பற்றிச் சொன்னார். கடைசித் திருகாணியைத் திருப்புளியால் முடுக்கினார்.

"எங்க வீட்டுலயும் அதுக்குத்தான் கட்டியிருக்கா சாமி. ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா?"

சின்னச்சாமி ஒரு கதவை இழுத்துத் திறந்தார். மெதுவாக மூடினார்.

"இசக்கியம்மாவும் தானா வந்து சொல்லலியே, அண்ணாச்சி. நீங்கல்லா கேட்டீங்க."