பெருச்சாளியின் ஏழு அறை வளை

காட்டோரத்துக் குளக்கரையில் ஒரு பெருச்சாளியும் ஓர் ஆமையும் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தன. பெருச்சாளிக்குக் கரைக்குள் ஒற்றை அறை வளை. அதற்கு நேர் கீழே, தண்ணீரை ஒட்டிய தட்டைப் பாறை ஆமையுடையது. காலை வெயில் முதலில் விழுவது அந்தப் பாறையில்தான். அதில் கால் நீட்டிப் படுத்து முதுகு காய்வதைத் தவிர ஆமைக்கு வேறு ஆசையே கிடையாது.

ஒருநாள் பெருச்சாளி கொக்கிடம் போய் நின்றது. கொக்குதான் குளத்துச் சபைக்குத் தலைவர். கரையில் யார் எதைத் தோண்டினாலும் சபை சம்மதிக்க வேண்டும்.

"தலைவரே, என் வளை ரொம்பச் சின்னது! அதை இடித்துவிட்டு ஏழு அறையோடு புதிதாகத் தோண்டப்போகிறேன்!"

"ஏழா? உங்கள் வீட்டில் எத்தனை பேர்?"

"நான் ஒருத்தன்தான். ஆனால் தூங்க ஒன்று, தின்ன ஒன்று, தின்றுவிட்டு உருள ஒன்று..."

"போதும், போதும்! ஆட்சேபணை உள்ளவர்கள் நாளைக் காலை சபையில் சொல்லலாம்!" என்று கொக்கு அறிவித்தது.

செய்தி கேட்டதும் ஆமைக்குக் கோபம் பொங்கியது. தோண்டுகிற மண்ணையெல்லாம் வாசலில் மலையாகக் குவிப்பானே! அப்புறம் பாறைக்கு வெயில் ஏது? சபை கூடுமிடம் மறுகரையில் இருந்தது. வந்த கோபத்தில் தனக்கு நீந்தத் தெரியும் என்பதே ஆமைக்கு மறந்துபோயிற்று. குளத்தைச் சுற்றி நடந்தே போய், மறுநாள் காலை மூச்சு வாங்க நின்றது.

"என் வெயில் போகிறது, தலைவரே!"

"வெயில் என்ன உன் பாட்டன் சொத்தா?" என்றது பெருச்சாளி.

"உன் பாட்டன் ஒற்றை அறையில் ஒன்பது பிள்ளைகளோடு இருக்கவில்லையா?"

"அமைதி! அமைதி!" என்று கொக்கு இறக்கையை அடித்தது.

அப்போது சேற்றிலிருந்து ஒரு நண்டு தலை நீட்டியது. "ஒரு வார்த்தை, தலைவரே. அந்த இடத்தில் கரை ரொம்ப ஒல்லி. இவ்வளவு தோண்டினால் தாங்குமா?"

"நீ பக்கத்து வீடா?"

"இல்லை. குளத்தின் அந்தக் கோடியில் இருக்கிறேன்."

"அப்படியானால் பேசாமல் இரு! பக்கத்து வீட்டார் ஆட்சேபணைதான் செல்லும்."

இதற்குள் பெருச்சாளி ஆமையின் அருகில் நகர்ந்து குழைந்தது. "அண்ணே, எதற்கு வம்பு? தோண்டுகிற மண்ணை உங்கள் பாறை மேலேயே மெத்தை மாதிரி போட்டுத் தருகிறேன். உயரம் கூடிவிடும். சாயங்கால வெயிலும் சேர்த்துக் கிடைக்கும்!"

நண்டு சொன்னது ஆமையின் காதில் விழாமல் இல்லை. நெஞ்சில் சுருக்கென்றது. ஆனால் சாயங்கால வெயில்!

"எனக்கு ஆட்சேபணை இல்லை" என்றது ஆமை.

வாசலில் பூச்செடி வைக்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு சபை அனுமதி கொடுத்தது.

ஏழு அறைகளும் தோண்டி முடிந்தன. மண் மெத்தையும் வந்தது. ஒரு மாதம் ஆமை இரண்டு வேளையும் வெயில் காய்ந்தது. பிறகு ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் மத்தியானம் பெருச்சாளி மீசை சொட்டச் சொட்ட ஓடிவந்தது.

"அண்ணே! நான் உருளுகிற அறையில் மீன் நீந்துகிறது!"

ஆமை எட்டிப் பார்த்தது. குளத்துத் தண்ணீர் வளைக்குள் புகுந்து, கரையின் மறுபக்கம் குபுகுபுவென்று கொட்டிக்கொண்டிருந்தது. தவளைகள் கத்தின. மீன்கள் மிரண்டு ஓடின.

"உடனே சபையைக் கூட்டுங்கள்!" என்று கொக்கு பறந்து பறந்து கூவியது.

"கூட்டி முடிப்பதற்குள் குளம் காலியாகிவிடும்!" என்றது நண்டு.

ஆமைக்கு முகம் சுருங்கிப்போயிற்று. உடனே தண்ணீரில் இறங்கி நீந்தியது. தண்ணீர் புகுந்த ஓட்டைக்கு முதுகு காட்டித் திரும்பி, பின்பக்கமாகத் தன்னைத்தானே அதில் செருகிக்கொண்டது. தண்ணீர் பட்டென்று நின்றது! தலை மட்டும் வெளியே தெரிந்தது.

"நண்டே, சேறு கொண்டு வா! பெருச்சாளி, அந்த மெத்தையைத் தள்ளு! ஒரு பிடி மண்கூட மிச்சம் வைக்காதே!"

எல்லோரும் ஆமைக்குப் பின்னால் வளையை அடைத்தார்கள். மண் இறுகும்வரை ஆமை இரண்டு நாள் அசையவில்லை.

"மாமா, மூச்சு முட்டுகிறதா?" என்று ஒரு கெண்டை மீன் கேட்டது.

"மூச்சு முட்டவில்லை. வெட்கம்தான் முட்டுகிறது!"

மழை விட்டதும் ஆமையை இழுத்து வெளியே எடுத்தார்கள். சபையில் கொக்கு அதைப் புகழ ஆரம்பித்தது. ஆமை இடைமறித்தது. "வேண்டாம், தலைவரே. நண்டு சொன்னபோதே எனக்குக் கேட்டது. கேட்டும்தான் சம்மதித்தேன்."

கொக்கு அலகைத் தாழ்த்திக்கொண்டது. பெருச்சாளி கரையை விட்டு விலகி, மேட்டுப் புதரடியில் இரண்டே அறை தோண்டிக்கொண்டது.

தனக்கு என்ன கிடைக்கும் என்று மட்டும் பார்த்துத் தலையாட்டுகிறவர், எல்லோருக்கும் பொதுவானதை உடைக்கத் துணைபோகிறார்.