பராகுவே லீக்கும் அத்தானின் வள்ளமும்

சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. என் அத்தான் ததேயு ஒரு முட்டாள். அவருடைய கூட்டாளிகள் லியோனும் பெர்க்மான்ஸும் அவரைவிடப் பெரிய முட்டாள்கள். இதை நான் மூன்று பேர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். மூன்று பேரும் தலையாட்டினார்கள். ஒவ்வொருவரும் மற்ற இரண்டு பேரைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

எங்கள் ஊர் கடற்கரை. மீன் பிடிப்பார்கள். மீன் இல்லாத நேரத்தில் பந்து ஆடுவார்கள். பந்து கிழிந்துவிட்டால் எந்த டீம் பெரிய டீம் என்று சண்டை போடுவார்கள்.

என் அண்ணன் கஸ்பாருக்குக் கப்பலில் சமையல் வேலை. லீவு முடிந்து கிளம்பும்போது அத்தானிடம் ஒரு பென்டிரைவைக் கொடுத்தான். கூட வேலை பார்க்கிற ஒரு பராகுவே நாட்டுக்காரன் தந்ததாம். பராகுவே லீக்கில் ஏதோ ஒரு பழைய சீசன். இருபது வருஷத்துக்கு மேலே இருக்கும். அதில் சான் ரோக்கே என்கிற டீம் ஆடின எல்லா ஆட்டமும் இருந்தது.

சான் ரோக்கே என்றால் புனித ரோக்கு. எங்கள் ஊர்க் கோயிலும் புனித ரோக்கு கோயில்தான். இது போதாதா?

"நம்ம டீம்டே!" என்று அத்தான் பென்டிரைவுக்கு முத்தம் கொடுத்தார்.

"மச்சான், எல்லாத்தையும் ஒரே மூச்சுல பாத்துத் தீத்திராதீங்க" என்று கஸ்பார் சொன்னான். "வாரத்துக்கு ஒண்ணு. அங்க எப்படி நடந்துச்சோ அதே மாதிரி பாருங்க. அப்பத்தான் ருசி."

சொல்லிவிட்டு அவன் பாட்டுக்குக் கப்பல் ஏறிவிட்டான். அங்கே எப்படி நடந்ததோ அதே மாதிரி பார்க்கிற வேலை இங்கே தொடங்கியது.

முதல் ஞாயிறு ஒழுங்காகத்தான் போனது. பூசை முடிந்து வந்து, அத்தான் வீட்டில் உட்கார்ந்து, தோற்றார்கள். இரண்டாவது ஆட்டம் சான் ரோக்கேவுக்கு வெளியூர் ஆட்டம்.

"வெளியூர்னா இங்க இருந்து எப்படி பாக்கது?" என்றார் அத்தான்.

லியோன் யோசித்தான். "பெர்க்மான்ஸ் வீட்டுக்குப் போவோம். அது ரெண்டு தெரு தள்ளித்தான இருக்கு."

டிவியைப் போர்வையில் சுற்றி, சவம் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கேயும் தோற்றார்கள்.

"உன் வீட்டு ராசி சரியில்லடே" என்றார் அத்தான்.

"வெளியூர்க்காரன் வீடுன்னா அப்படித்தான் இருக்கும்" என்றான் பெர்க்மான்ஸ். தன் வீட்டைத்தான் சொல்கிறான்.

வெளியூர் என்றால் எதிர் ஆட்கள் கத்த வேண்டுமே? அதற்குக் கிளெமென்டைக் கூப்பிட்டார்கள். கிளெமென்டுக்கும் அத்தானுக்கும் ஆகாது. கடற்கரையில் படகு நிறுத்துகிற இடத்தில் அத்தான் வள்ளம் முதல் வரிசை. கிளெமென்ட் வள்ளம் நேர் பின்னால், இரண்டாம் வரிசை. முன்னால் இருக்கிறவன் தள்ளிப் போனால்தான் பின்னால் இருக்கிறவன் கடலில் இறங்க முடியும். இறங்குவதற்குள் மீன் போய்விடும். அந்தக் கோபத்தையெல்லாம் கிளெமென்ட் சான் ரோக்கே மேல் காட்டினான். அப்படி ஒரு ஊளை. அத்தானே, "நல்லாக் கத்துதான், வெளியூர் மாதிரியே இருக்கு" என்று பாராட்டினார்.

ஒரு ஆட்டத்தில் அங்கே கொட்டு கொட்டென்று மழை. மூன்று பேரும் குடை பிடித்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்தார்கள். பின்னால் இருந்த கிளெமென்ட், "குடையை இறக்குங்கடே, மறைக்குது" என்றான். "நனைஞ்சா நீயா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவே?" என்று லியோன் கேட்டான். கிளெமென்ட் வீட்டுக்குப் போய்க் குடை எடுத்துக்கொண்டு வந்தான்.

இன்னொரு ஆட்டத்தில் சான் ரோக்கேவின் நாலாம் நம்பருக்குச் சிவப்பு அட்டை. நாலாம் நம்பர் பெர்க்மான்ஸுடைய ஆள், அவனுக்காகத்தான் பெர்க்மான்ஸ் மெழுகுதிரி கொளுத்துவான்.

"பெர்க்மான்ஸு, வெளியே போ" என்றார் அத்தான்.

"நான் என்ன செஞ்சேன்?"

"உன் ஆளு செஞ்சான்லா? எந்திரி."

பாவம், தலையைக் குனிந்துகொண்டு முற்றத்தில் போய் நின்றான். அடுத்த வாரமும் உள்ளே விடவில்லை, சஸ்பெண்டாம்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அத்தான், இதெல்லாம் எப்பவோ முடிஞ்சுபோன சீசன். கோல் காக்கிற அந்தக் கோலிக்கு இப்ப தலையே நரைச்சிருக்கும்" என்றேன்.

அத்தான் டிவிக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். "எங்க நரைச்சிருக்கு? கருகருன்னுதான இருக்கு. வந்து பாரு."

"முடிஞ்சிருச்சு அத்தான்!"

"நாங்க இன்னும் பாக்கவே இல்ல. எங்களுக்குத் தெரியாம எப்படி முடியும்?" என்றான் லியோன். மற்ற இரண்டு பேரும் அவனை மரியாதையாகப் பார்த்தார்கள்.

இப்படியே போய், சான் ரோக்கே அட்டவணையில் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. கடைசி ஆட்டத்தில் தோற்றால் இரண்டாம் டிவிஷன். டிரா செய்தால் தப்பிக்கும். கிளெமென்ட் கோயில் வாசலில் வைத்து, ஊர் முழுக்க நிற்கும்போது கேட்டான்: "என்ன ததேயு, உன் டீம் கீழ இறங்குதாமே?"

அத்தானுக்கு வெறி வந்துவிட்டது. "சான் ரோக்கே ரெண்டாம் டிவிஷனுக்கு இறங்கினா என் வள்ளமும் ரெண்டாம் வரிசைக்கு இறங்கும்! உன் வள்ளம் முன்னால வரட்டும்! புனித ரோக்கு மேல சத்தியம்!"

ஊரே கேட்டது. என் அக்கா செலினும் கேட்டாள். அந்த வள்ளத்தில்தான் வீட்டு அடுப்பு எரிகிறது. ராத்திரி சோறு கிடைக்காததை வைத்து அத்தானுக்கு விஷயம் கொஞ்சம் புரிந்தது.

கடைசி ஆட்டம். எதிரே கறுப்புச் சட்டை டீம். அத்தான் வீட்டில் நிற்க இடமில்லை. ரெண்டு டீமும் கோல் அடிக்காமல் ஓடிக்கொண்டே இருந்தார்கள். ஆட்டம் முடிய ரெண்டு நிமிஷம்தான் இருக்கும், சான் ரோக்கே ஆள் ஒருத்தன் கறுப்புச் சட்டைக்காரனைக் காலை வாரிவிட்டான். பெனால்டி. கிளெமென்ட் நாற்காலி மேல் ஏறி ஊளையிட்டான். கறுப்புச் சட்டை ஒன்பதாம் நம்பர் பந்தை வைத்து, பின்னால் போய், ஓடி வந்து, காலை ஓங்கினான்.

அத்தான் ரிமோட்டை அழுத்திவிட்டார். படம் அப்படியே நின்றது.



"இப்ப கோலா?" என்றார் அத்தான், மெதுவாக.

"இல்ல" என்றான் லியோன்.

"ஸ்கோர் என்ன?"

"சைபர், சைபர்."

"அப்ப நாம தோக்கல."

"தோக்கல. முடியாத ஆட்டத்துல எப்படிண்ணே தோக்க முடியும்?"

"போடுடே!" என்று கிளெமென்ட் கத்தினான். "எப்ப போடுவே?"

"போடுவேன். அவசரம் இல்ல" என்று அத்தான் ரிமோட்டை மடியில் கட்டிக்கொண்டார்.

அன்றிலிருந்து அத்தான் வீட்டு டிவியில் ஒருத்தன் காலை ஓங்கியபடி நிற்கிறான். கரண்ட் போனால் படம் போய்விடுமே என்று, வள்ளத்தில் லைட்டுக்கும் வயர்லெஸுக்கும் இருந்த பேட்டரியைக் கழற்றி வந்து, எங்கேயோ இரவல் வாங்கின இன்வெர்ட்டரில் மாட்டினார்கள். பேட்டரி இல்லாமல் கடலுக்குப் போக முடியாது. ஆக, முதல் வரிசையைக் காப்பாற்றியாயிற்று. முதல் வரிசையில் வள்ளம் சும்மா நிற்கிறது. கிளெமென்ட் வந்து தலையில் அடித்துக்கொண்டான்: "போகவும் மாட்டான், வழியும் விடமாட்டான்!"

ஜன்னல் வழியாகச் சாயங்கால வெயில் டிவியில் விழுந்தது. கோலிக்குக் கண் கூசும் என்று பெர்க்மான்ஸ் சாக்கு கட்டினான். லியோன் ஃபேனைக் கோலி பக்கம் மட்டும் திருப்பி வைத்தான். "ஒன்பதாம் நம்பர் வேர்க்கட்டும். கால் வழுக்கும்" என்றான். அக்கா, "அந்தக் கோலி என்னையே முறைச்சுப் பாக்கான், நான் எப்படிச் சேலை மாத்த?" என்று சண்டை போட்டாள். அத்தான் போய்க் கோலியின் கண்ணை மறைத்து ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினார். பிறகு, கண் தெரியாமல் எப்படிப் பிடிப்பான் என்று பிய்த்துவிட்டார்.

வீட்டில் மீன் குழம்பு நின்று ரசம் வந்தது. ரசமும் தண்ணியாகிக்கொண்டே போனது. அந்த நேரத்தில் கஸ்பார் லீவில் வந்து இறங்கினான். வாசலில் பெட்டியை வைத்தவன் டிவியைப் பார்த்தான்.

"ஓ, இந்த மேட்சா? இவன் வெளிய அடிச்சிருவான் மச்சான். ஆட்டம் டிரா. சான் ரோக்கே தப்பிச்சிரும்" என்றான் சத்தமாக.

சந்தோஷப்பட வேண்டுமா இல்லையா? அத்தான் பாய்ந்து போய் அவன் வாயைப் பொத்தினார்.

"கெடுத்தியேடே! அவன் அங்கதான நிக்கான்? காதுல விழுந்திருக்கும்!"

பெர்க்மான்ஸ் ஓடிப்போய் ஒன்பதாம் நம்பரின் காதைக் கையால் மூடினான். "லேட்டுண்ணே, கேட்டுட்டான். மூஞ்சியைப் பாருங்க. இப்ப ஒழுங்கா உள்ள அடிப்பான்."

அத்தான் தரையில் உட்கார்ந்துவிட்டார். "வள்ளம் போச்சு" என்றார். உண்மையாகவே கண்ணில் தண்ணீர்.

லியோன் வெகுநேரம் யோசித்தான். "அண்ணே, கஸ்பார் தமிழ்லதான சொன்னான்?"

"ஆமா."

"ஒன்பதாம் நம்பருக்குத் தமிழ் தெரியுமா?"

மூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். பெர்க்மான்ஸ் சோதித்துவிடலாம் என்று டிவிக்குக் கிட்டே போய் ஒன்பதாம் நம்பரை நல்ல கெட்ட வார்த்தையாக ஒன்று திட்டினான். அவன் அசையவில்லை.

"தெரியலண்ணே! போடுங்க!"

அத்தான் சிலுவை போட்டுக்கொண்டு ரிமோட்டை அழுத்தினார். பந்து கம்பத்துக்கு மேலே பறந்து எங்கேயோ போனது. டிரா. வெடி போட்டார்கள். லியோனைத் தோளில் தூக்கிக்கொண்டு கடற்கரை வரைக்கும் போனார்கள். பேட்டரி வள்ளத்துக்குத் திரும்பியது. மறுநாள் குழம்பும் வந்தது.

இத்தோடு விட்டார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் மறுபடி வீட்டில் கூடினார்கள். சான் ரோக்கே தப்பித்துவிட்டதால் முதல் டிவிஷனில் புது சீசன் தொடங்குகிறதாம். அத்தான் அதே பென்டிரைவில் முதல் ஆட்டத்தை மறுபடியும் போட்டார். கிளெமென்ட், "இந்தத் தடவை நிச்சயம் இறங்கும்டே" என்று கையில் குடையோடு உட்கார்ந்திருந்தான்.

கொஞ்ச நேரத்தில் எதிர் டீம் கோல் அடித்தது.

"போன சீசன்லயும் முதல் கோல் இவன்தான் அடிச்சான். இதே மூலையில" என்றான் லியோன்.

அத்தான் ரிமோட்டைத் தூக்கி எறிந்தார். "ஒரு சீசன் முழுக்கப் பட்டும் அவனைக் கவனிக்க ஒரு ஆளைப் போடலியே! முதல்ல அந்தக் கோச்சை மாத்துங்கடே!"