ஆறுமணிக் குருவியைக் காட்டிக்கொடுத்த குரல்

ஏரிக்கரைப் பூங்காவில் ஏழு தவிட்டுக்குருவிகள் ஒரே கூட்டமாக வாழ்ந்தன. ஆறு பேர் தரையில் சருகைப் புரட்டிப் பூச்சி தின்னும்போது, ஒருத்தி மட்டும் மேலே கிளையில் உட்கார்ந்து காவல் பார்ப்பாள். காவலில் இருப்பவள் இரை தேடக் கூடாது, வம்பளக்கக் கூடாது. வல்லூறோ பூனையோ பாம்போ கண்ணில் பட்டால் மட்டும் கத்த வேண்டும். அந்தக் குரல் கேட்டால் அணில், மைனா எல்லாமே புதருக்குள் பாய்ந்துவிடும். பூங்கா முழுக்க அந்தக் குரலை நம்பித்தான் சாப்பிட்டது.

கூட்டத்திலேயே கூர்மையான பார்வை வெண்கண்ணிக்கு. அதனால் அந்த ஐப்பசியில் பெரும்பாலும் அவள்தான் காவல் இருந்தாள். ஆனால் அவளுக்கு ஒரு மனக்குறை. மழைக்காலம் தொடங்கியதும் கேமராவும் பைனாகுலருமாக மனிதர்கள் பூங்காவுக்கு வருவார்கள். மீன்கொத்தியைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். மாங்குயிலைப் பார்த்தால் மூச்சுவிடக்கூட மறந்துபோவார்கள். வெண்கண்ணியைப் பார்த்தாலோ, "தவிட்டுக்குருவிப்பா, விடு" என்று நகர்ந்துவிடுவார்கள். ராப்பகலாக ஊரைக் காப்பது யார், பெயர் வாங்குவது யார் என்று அவள் மனசுக்குள் புழுங்கினாள்.

ஒருநாள் காலை, உண்ணிச்செடிப் புதரின் அடியில் ஒரு பறவை தொப்பென்று வந்து இறங்கியது. பச்சை முதுகு, நீலம் மின்னும் இறக்கை, வாலுக்கடியில் குங்குமச் சிவப்பு. காலையும் மாலையும் ஆறு மணிவாக்கில் கூவும் ஆறுமணிக் குருவி அவன். அத்தனை வண்ணத்துக்கும் உள்ளே எலும்பும் தோலுமாக இருந்தான்.

"அக்கா, வடக்கேயிருந்து பறந்து வரேன். இறக்கை ரெண்டும் விட்டுப்போச்சு. நாலு நாள் மண்புழு தின்னு தேறிட்டா, தெற்கே கிளம்பிடுவேன். நான் இங்க இருக்கிறது காக்காங்களுக்கு மட்டும் தெரியக் கூடாது" என்றான்.

"நான் காவல்ல இருக்கிறேன்ல? நிம்மதியாச் சாப்பிடு" என்றாள் வெண்கண்ணி. மனப்பூர்வமாகத்தான் சொன்னாள்.

மறுநாள் ஒரு பூனை புதரை நெருங்கியது. வெண்கண்ணி கத்தினாள். பூனை ஓடிவிட்டது. ஆனால் தொப்பி போட்ட பரந்தாமன் என்பவர் சத்தம் வந்த பக்கம் பைனாகுலரைத் திருப்பினார்.

"ஆறுமணிக் குருவிங்க! மெதுவா வாங்க" என்று கூட வந்தவர்களை அழைத்தார். பிறகு அண்ணாந்து பார்த்தார். "அந்தத் தவிட்டுக்குருவிதான் காட்டிக்கொடுத்தது. கெட்டிக்காரக் குருவி." அவளையும் ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

வெண்கண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. அன்று முழுக்க ஒரு பூச்சிகூட உள்ளே இறங்கவில்லை, அவ்வளவு பூரிப்பு.

அதற்கடுத்த நாள் பூனையும் இல்லை, வல்லூறும் இல்லை. தொப்பிக்காரர் வாசலில் நுழைவதைப் பார்த்ததும் வெண்கண்ணி கத்தினாள். மனிதர் கூட்டம் புதருக்கு ஓடிவந்தது. கேமராக்கள் படபடத்தன. முந்தின நாள் ஐந்து பேர் வந்த இடத்தில் இப்போது முப்பது பேர் நின்றார்கள்.

மாலையில் ஆறுமணிக் குருவி கேட்டான். "அக்கா, நேத்து பூனை வந்துச்சு, சரி. இன்னிக்கு எதுக்குக் கத்துனீங்க?"

"அவங்க ஒண்ணும் பண்ண மாட்டாங்க. உன் அழகைப் பார்க்கத்தானே வராங்க?"

"அவங்க நிக்கிற வரைக்கும் என்னால வெளிய வர முடியல. காலையிலேருந்து ஒரு புழுகூடத் தின்னல. இப்படியே போனா எனக்குப் பறக்கத் தெம்பு இருக்காது."

வெண்கண்ணிக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அது ஒரு பொழுதுதான் தாங்கியது. விடிந்ததும் தொப்பி தெரிந்தது, அவள் வாய் தானாகத் திறந்துகொண்டது.

விளக்குக் கம்பத்தில் இரண்டு காகங்கள் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"மூணு நாளா இவ்வளவு பேர் ஒரே புதரை வெறிச்சுப் பார்க்கிறாங்களே. தீனி இல்லாத இடத்துல இப்படி நிப்பாங்களா?" என்றது ஒன்று.

"நாளைக்குப் போய்ப் பார்த்துடுவோம்" என்றது மற்றது.

அடுத்த நாள் காலை காகங்கள் புதரின் பின்பக்கம் இறங்கின. வெண்கண்ணி அதைக் கண்டாள். அடிவயிற்றிலிருந்து கத்தினாள். இந்த முறை அந்தக் குரலில் பொய் இல்லை.

"கத்துது, கத்துது, வாங்க" என்று மனிதர்கள் முன்பக்கமாக ஓடிவந்தார்கள். ஒருவர் கிளையை விலக்கினார். உள்ளே ஒடுங்கியிருந்த ஆறுமணிக் குருவிக்கு அந்தக் குரல் என்றால் மனிதர் கூட்டம்தான். மனிதருக்குப் பயந்து அவன் பின்பக்கமாக வெளியே ஓடினான். காகங்கள் அங்கேதான் நின்றன. இறக்கையை விரித்தான், உடல் எழவில்லை. இரண்டே கொத்து.

மனிதர்கள் கைதட்டிக் காகங்களை விரட்டினார்கள். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பரந்தாமன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு எல்லோரும் கலைந்து போனார்கள்.

வெண்கண்ணி தரைக்கு இறங்கினாள். அக்கா தங்கைகள் ஆறு பேரும் அந்தச் சின்ன உடலைச் சுற்றி நின்றார்கள்.

"நான் நிஜமாத்தான் கத்தினேன். காக்காவைப் பார்த்துத்தான் கத்தினேன்" என்றாள் அழுதபடி.

"தெரியும். எங்களுக்கு உன் குரல் பழக்கம், நாங்க ஒளிஞ்சுக்கிட்டோம்" என்றாள் மூத்தவள். "அவன் வந்து நாலு நாள்தான் ஆச்சு. உன் குரலுக்கு நீ அவனுக்குச் சொல்லிக்கொடுத்த அர்த்தம் வேற."



பிறரைக் காக்கத் தரப்பட்ட குரலைத் தம் பெருமைக்குப் பயன்படுத்துபவர், தம்மை நம்பி வந்தவரின் உயிருக்கே எமனாகிவிடுவார்.