ஜன்னலோர டிரைவர்

விழுப்புரத்தில் ஏறியதிலிருந்து கோமளவல்லி நின்றுகொண்டேதான் வந்தாள். முன்பதிவில்லாத பெட்டி. வலது முழங்கால் பன் மாதிரி வீங்கியிருந்தது. திருச்சி வரைக்கும் இப்படியே போனால் நாளைக்குத் தன் வீட்டு மாடிப்படியை ஏறின மாதிரிதான்.

அதைவிட எரிச்சல், ஜன்னலோரத்தில் காலை அகட்டி உட்கார்ந்திருந்த தர்மசீலன். கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லிக் கேட்டும் பார்த்தாள்.

“முடியாதும்மா. நான் சிக்னல் பாக்கணும். டிரைவர் கண்ணு சும்மா இருக்காது.”

“ரயில்வேயா சார்?” என்று பக்கத்திலிருந்த மீசைக்காரர் பவ்யமாகக் கேட்டார்.

“வீட்டுல, கம்ப்யூட்டர்ல. ரயில் ஓட்டற கேம். உலகத்துல உள்ள மலை லைன், பழைய லைன் ஒண்ணு விடாம ஓட்டியாச்சு.”

மீசைக்காரரின் பவ்யம் அங்கேயே இறங்கிவிட்டது. “அட, வெளையாட்டா?”

“வெளையாட்டா? போன மே மாசம் நீராவி இன்ஜினைப் போட்டு மேட்டுப்பாளையத்துலேர்ந்து ஊட்டிக்கு ஏத்தினேன். கல்லாறு தாண்டறதுக்குள்ள ஹால் பூரா கரிப்புகை. மொட்டை மாடியில காயப்போட்ட வேட்டி கறுத்துப்போச்சு. குன்னூர் வந்ததும் என் வீட்டுக்காரி குளிர் தாங்காம ஸ்வெட்டர் போட்டுகிட்டா. எங்க? வேலூர்ல!”

வேலூர் வெயிலில் ஸ்வெட்டராம். கோமளவல்லிக்குக் கால் வலியோடு காதும் வலித்தது. வாய் வலிக்காத ஒரே ஆள் அவன்தான்.

“அதென்ன பெருசு, பழைய பாம்பன் பாலத்துல போறப்ப அலை அடிச்சுது பாருங்க! மானிட்டர்லேர்ந்து ஒரு வஞ்சிரம் துள்ளி வந்து கீபோர்டுல விழுந்துச்சு. அன்னிக்கு வீட்டுல மீன்குழம்பு.”

“குழம்புக்கு உப்பு போட்டீங்களா?” என்றார் மீசைக்காரர்.

“எதுக்கு? கடல் தண்ணியும் கூடவேதான வந்துச்சு.”

பெட்டியே சிரித்தது. தன்னை மெச்சிச் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான் தர்மசீலன். அடுத்து, பேச்சிலேயே சுவிட்சர்லாந்துக்குப் போனான். அங்கே பெய்த பனி வேலூர் வீட்டு வாசலை அடைத்துவிட்டதாம். தீயணைப்புக்காரர்கள் வந்து வாரிக் கொட்டினார்களாம். மிச்சத்தில் நன்னாரி ஊற்றித் தெரு முழுக்க சர்பத் கொடுத்தானாம்.

“நம்பற மாதிரி இல்லையே” என்றாள் கோமளவல்லி, வேண்டுமென்றே. அவள் ஒன்றைக் கவனித்திருந்தாள். யாராவது சந்தேகப்பட்டால் போதும், மனுஷனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ரோஷத்தில் சீட்டை விட்டுக் கொஞ்சம் எம்பி எம்பி உட்கார்ந்தான்.

“நம்பலையா? ஊட்டி லைன்லயே ஒருநாள் மழை. ஏத்தத்துல சக்கரம் வழுக்குது. வண்டி பின்னால உருளுது. உள்ள அத்தனை ஜனம்! நான் என்ன பண்ணேன்? மானிட்டருக்குள்ள தலையை விட்டேன், தோளை விட்டேன், முழுசா எறங்கிட்டேன். கடைசிப் பெட்டிக்குப் பின்னால போய் நின்னு, தள்ளிகிட்டே ஊட்டி ஸ்டேஷன்ல கொண்டுபோய்ச் சேத்தேன்!”

“ஒரு ஆளா?”

“ஒரே ஆளு!”

“உக்காந்துகிட்டே கையை ஆட்டினா யாருக்கு என்ன தெரியும்? தோளை எப்படிக் குடுத்தீங்க, காலை எங்க ஊனினீங்க, ஒண்ணும் புரியலையே” என்று உதட்டைப் பிதுக்கினாள்.

அவ்வளவுதான். தர்மசீலன் விருட்டென்று எழுந்தான். வழியில் வந்து நின்று, மேல் பர்த்தின் கம்பியில் தோளைக் கொடுத்து, பல்லைக் கடித்து, முகம் சிவக்கச் சிவக்கத் தள்ளிக் காட்டினான்.

“இப்பப் புரியுதா?” என்று மூச்சு வாங்கத் திரும்பினான்.

ஜன்னலோரத்தில் கோமளவல்லி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெட்டியில் எழுந்தவனுக்கு இடம் கிடையாது. அது சின்னக் குழந்தைக்கும் தெரியும். இத்தனை ரயில் ஓட்டியவனுக்குத் தெரியவில்லை.

“யம்மா, அது என் சீட்டும்மா! நான் சும்மா நடிச்சுதான காட்டினேன்!”

“நானும் சும்மாதான் உக்காந்திருக்கேன். திருச்சி வந்ததும் எந்திரிச்சுடுறேன்” என்றாள் கோமளவல்லி.