தூதர் கொண்டுவந்த நாற்காலி

சங்குத்துறை, புன்னைக்கரை, நெய்தலூர் ஆகிய மூன்று ஊர் மக்களும் கரையில் திரண்டு நின்றார்கள். அவ்வளவு பெரிய கப்பலை அவர்கள் கண்டதே இல்லை. கடல் கடந்த பேரரசரின் தூதர் அதிலிருந்து இறங்கினார். பின்னாலேயே ஒரு தங்க நாற்காலி வந்தது.

"பேரரசருக்கு இந்தக் கரையில் ஒரே ஒரு நண்பர் போதும். உங்கள் மூன்று தலைவர்களில் பெரியவர் இதில் உட்காரட்டும். மற்ற இருவரும் அவருக்கு அடங்கி நடக்கட்டும். நாற்காலி காலியாகத் திரும்பினால் பீரங்கிகள் பேசும்" என்றார் தூதர்.

அதைத் தமிழில் சொன்னவள் செம்பாயி. கப்பல்களுக்குத் தண்ணீர் சுமந்தே அந்த மொழியைக் கற்றவள். அவள் சொல்லி முடித்ததும், பெண் கொடுத்துப் பெண் எடுத்த மூன்று தலைவர்களின் கைகளும் வாளுக்குப் போயின.

செம்பாயி முன்னால் வந்தாள். தூதரைக் கும்பிட்டு, தலைவர்களுக்கும் கேட்கும்படி இரண்டு மொழியிலும் சொன்னாள்.

"ஐயா, நீங்களே உட்காருங்க. இந்தக் கரை முழுக்க விருந்தாளிதான் பெரியவர். நீங்க மறுத்தா, பேரரசரோட தூதரைவிட எங்க தலைவர் ஒருத்தர் பெரியவர்னு ஆயிடுமே!"

தூதர் முகம் சிவந்தது. வேறு வழியின்றி உட்கார்ந்தார்.

நாற்காலி நிரம்பிவிட்டது, இனி யாரும் யாருக்கும் அடங்க வேண்டாம் என்று தலைவர்களுக்குச் சட்டென்று புரிந்தது. மூவரும் தோளோடு தோள் நின்று, "வாங்க!" என்று கைகூப்பினார்கள். அவர்களுக்குப் பின்னால் கரை முழுவதும் அதே சொல்லை முழங்கியது. கடல் இரைச்சலே அதில் அமுங்கிப்போனது.

தூதருக்கு மெய்சிலிர்த்தது.

"இங்கே மூன்று ஊர் என்றல்லவா சொன்னார்கள்?" என்றார் மெதுவாக.

"பேருதான் மூணுங்க ஐயா" என்றாள் செம்பாயி.

தூதர் எழுந்துவந்து மூவரின் கைகளையும் சேர்த்துப் பிடித்தார்.